மறுப்புக் கடிதத்தை முதலில் ஒழுங்காகப் படியுங்கள்

வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதி. பிரிட்டனில் இருக்கும் கணவனோ மனைவியோ கூப்பிட்டு ஸ்பவுஸ் விசாவுக்குப் போட்டார்கள், மறுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரும் விஷயமும் அப்படியே இருக்கின்றன.

அண்ணா, எனக்கும் அவருக்கும் 2023இல் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்தது. அவர் லண்டனில் ஒரு கடையில் வேலை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. அந்த வருடக் கடைசியில் விசாவுக்குப் போட்டோம், 2024 பெப்ரவரியில் வருமானம் காட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அப்போது கேட்ட 18,600 பவுண்டை விட அவருக்குச் சம்பளம் கூட, ஆனால் முதலாளி ஒரு பகுதியைக் கையில்தான் கொடுப்பார். இப்போது 29,000 வேண்டுமாம். நாங்கள் முதலில் போட்டது பழைய காலத்தில்தானே, எங்களுக்குப் பழைய தொகை பொருந்தாதா? சீட்டுக் காசை எடுத்து வங்கியில் போட்டுக் காட்டலாமா?
— ஒரு சகோதரி, மானிப்பாய்

பொருந்தாது தங்கச்சி. கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலை 9இலிருந்து இருந்த 18,600 பவுண்ட், 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. அந்தத் தேதிக்கு முன் போட்டு விசா கிடைத்து அதே துணையோடு வந்து இருப்பவர்கள் நீட்டிக்கும்போது பழைய தொகையைக் காட்டினால் போதும். உங்களுடையது மறுப்போடு முடிந்துபோன விண்ணப்பம், இனிப் போடுவது முழுக்கப் புதியது, அதற்குப் புதுத் தொகைதான். 38,700 வரை ஏற்றப்போவதாக முந்தைய அரசு 2023 டிசம்பரில் சொன்னது உண்மை, ஆனால் 2024இல் வந்த அரசு அந்த ஏற்றத்தை நிறுத்தி வைத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய செய்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இனி கைக்காசு விஷயம். உங்களை விழுத்தியது இதுதான், இதைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை போட்டாலும் அதே பதில்தான் வரும். ஒரு கணக்குப் பார்ப்போம். பே ஸ்லிப்பில் மாதச் சம்பளம் 2,500 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரியும் மற்றப் பிடித்தமும் போகக் கிட்டத்தட்ட 2,090 மிஞ்சும். வங்கியில் மாதாமாதம் விழுவது 1,400, மீதி கவரில். அதிகாரி பே ஸ்லிப்பையும் வங்கி ஸ்டேட்மென்டையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார். பிடித்தம் போன 2,090 அப்படியே வங்கியில் ஏறியிருந்தால் 2,500ஐ முழுதாக எடுத்துக்கொள்வார், வருடத்துக்கு 30,000, பிரச்சினை இல்லை. ஏறவில்லை என்றால் வங்கியில் தெரிவதை மட்டும்தான் எடுப்பார். 1,400ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 16,800. அதாவது இப்படி வாங்கும் ஒருவர் 29,000 இருக்கட்டும், பழைய 18,600ஐயே தொடமாட்டார்.

ஆகவே அவர் முதலாளியிடம் முழுச் சம்பளத்தையும் கணக்கில் காட்டி வங்கியில் போடச் சொல்லவேண்டும். ஊர்க்காரர், வேலை எடுத்துத் தந்தவர், கேட்கச் சங்கடம் என்பீர்கள். தெரியும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும், மாட்டேன் என்றால் வேறு கடை பார்க்கத்தான் வேண்டும். அப்படிச் சரியான நாளிலிருந்து ஆறு மாதம் ஒரே முதலாளியிடம் வேலை, ஆறு மாதப் பே ஸ்லிப், அதே ஆறு மாத ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். இவ்வளவும் சேர்ந்த பிறகு போடுங்கள், ஒரு மாதம் குறைந்தாலும் போடாதீர்கள். பழைய தேதி போட்டுப் புதுப் பே ஸ்லிப் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம், வரி அலுவலகமான எச்.எம்.ஆர்.சியில் பதிவானதோடு, விசாவை முடிவு செய்யும் ஹோம் ஆபிஸ் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இன்று உங்கள் மறுப்பு வெறும் கணக்குப் பிரச்சினை, போலித்தாள் ஒன்று உள்ளே போனால் அது பொய் சொன்ன வழக்காகிவிடும், அதிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு.

மணிக்கணக்கில் வேலை செய்பவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்களுக்கு ஆறு மாதச் சராசரியைத்தான் எடுப்பார்கள். உங்களைப் பார்க்க ஊருக்கு வந்து சம்பளமில்லாத லீவு எடுத்த மாதம் அந்த ஆறுக்குள் விழுந்தால் சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஆட்கள் இதை யோசிப்பதே இல்லை. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டலாம், இரண்டிலும் தனித்தனியாக ஆறு மாதம் இருக்கவேண்டும். நீங்கள் ஊரில் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்றாலும் இதில் சேராது.

சீட்டுக் காசு: போடலாம், ஆனால் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் அவர் கணக்கிலோ உங்கள் கணக்கிலோ அசையாமல் கிடக்கவேண்டும், கடனாக வாங்கியதாக இருக்கக்கூடாது, எங்கிருந்து வந்தது என்று காட்டவும் வேண்டும். சேமிப்பில் முதல் 16,000 பவுண்டைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். அதற்கு மேல், குறைகிற வருமானத்தின் இரண்டரை மடங்கு வேண்டும். அவருக்கு 24,200 சம்பளம் என்றால் குறைவது 4,800, அதன் இரண்டரை மடங்கு 12,000, அதோடு 16,000 சேர்த்து 28,000 பவுண்ட். வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500. காணி விற்ற காசுக்கு மட்டும் கொஞ்சம் இளக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பே அந்தக் காணி உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ இருந்தது என்று காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினால், காசு வங்கிக்கு அண்மையில்தான் வந்திருந்தாலும் ஏற்பார்கள். அவர் சொந்தத் தொழில் செய்பவர் என்றால் அந்த வருமானத்தோடு சேமிப்பைக் கூட்ட முடியாது, இது தனியாக ஞாபகம் வைக்கவேண்டிய விஷயம்.

சார், என் மனைவி லெஸ்டரில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவருக்கு இது இரண்டாவது திருமணம். திருச்சியில் கல்யாணம் முடிந்து சில வாரத்தில் அவர் திரும்பிவிட்டார். சம்பளம், வீடு, ஆங்கிலத் தேர்வு எல்லாம் சரியாக இருந்தும், எங்கள் உறவு உண்மையானது என்று நம்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஏஜெண்ட், இன்னும் நிறைய போட்டோ வைத்து மறுபடி போடுவோம் என்கிறார். மனைவி அப்பீல் போகலாம் என்கிறார். எது சரி?
— ஒரு வாசகர், திருச்சி

முதலில் தேதியைப் பாருங்கள். மறுப்பு உங்களுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் அப்பீல் போட்டாகவேண்டும், நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் 28, பிரிட்டனுக்குள் இருப்பவருக்கு 14தான். அது தாண்டிவிட்டால் ஏன் தாமதம் என்று காரணம் சொல்லி அனுமதி கேட்கவேண்டும், அது தனிப் போராட்டம். எனவே ஏஜெண்டும் மனைவியும் பேசி முடிவெடுக்கும்வரை சும்மா இருக்காதீர்கள், இன்றே கடிதத்தை எடுத்து மேசையில் வையுங்கள்.

மறுப்பு என்பது ஒரே ரகமல்ல. மானிப்பாய்த் தங்கைக்கு வந்தது கணக்கு உதைத்ததால் வந்தது, அதில் அதிகாரி அவரைச் சந்தேகப்படவில்லை, தாள் போதாது என்றுதான் சொன்னார், தாளைச் சரிசெய்து போட்டால் வேலை முடிந்தது. உங்களுக்கு வந்திருப்பது ஆளையே நம்பாத மறுப்பு. இதற்கு இன்னும் இருநூறு போட்டோவை மேலே கொட்டினால் அடுத்த அதிகாரியும் பழைய கோப்பைத் திறந்து, முன்னவர் எழுதியதைப் படித்துவிட்டு, அதே கண்ணோடுதான் பார்ப்பார். முன்னவர் எழுப்பிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பெயர் சொல்லிப் பதில் வைக்காத விண்ணப்பம் வீண் செலவு.

ஆகவே கடிதத்தைப் பத்தி பத்தியாகப் படித்து ஓரத்தில் எழுதுங்கள், இது சான்று இல்லை என்கிறாரா, அல்லது கொடுத்த சான்றை நம்பவில்லை என்கிறாரா. கல்யாணத்துக்குப் பின் தொடர்பில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்து, நீங்களும் உண்மையிலேயே எதுவும் வைக்கவில்லை என்றால், அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, புதிதாகப் போடுவதுதான் வேகமான வழி. காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது, தயாரானால் நாளைக்கே போடலாம். மாறாக, எல்லாம் வைத்தும் கண்டுகொள்ளாமல், வயது வித்தியாசத்தையும் மனைவியின் முதல் திருமணத்தையும் பிடித்துக்கொண்டு மறுத்திருந்தால், என் யோசனை அப்பீல்தான். அங்கே உங்கள் கதையைக் கேட்பவர் ஹோம் ஆபிஸ் ஆள் அல்ல, தீர்ப்பாயத்தின் நீதிபதி. புதுச் சான்றும் வைக்கலாம். நீங்கள் திருச்சியில் இருப்பீர்கள், சாட்சிக் கூண்டில் நிற்கப்போவது மனைவி, அவரைத்தான் குறுக்கு விசாரணை செய்வார்கள், அதற்கு அவர் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி விசாரணைக்குக் கட்டணம் 140 பவுண்ட், தாளை மட்டும் பார்த்து முடிவு செய்ய 80. இந்த மாதிரி வழக்கில் 60 பவுண்ட் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஆளைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். குறை என்னவென்றால் காலம். விசாரணைத் தேதி வரவே மாதக்கணக்கில் ஆகும், வருடமும் தாண்டலாம்.

கடிதம் மொட்டையாக இருந்தால் உங்கள் கோப்பில் அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். சொந்தத் தகவலைக் கேட்கும் உரிமை அது, ஹோம் ஆபிஸுக்கு ஆன்லைனில் எழுதவேண்டும், கட்டணம் இல்லை, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் அனுப்பவேண்டும். கடிதத்தில் நாலு வரியில் முடிந்த விஷயம் குறிப்பில் விவரமாக இருக்கும். ஆனால் அதற்காகக் காத்திருந்து 28 நாளைத் தவறவிடவேண்டாம்.

சான்று எப்படி வைப்பது? இங்கேதான் நம் ஆட்கள் சொதப்புகிறார்கள். கல்யாண ஆல்பத்தை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புவது. மேடையில் வரிசையாக ஏறி மொய்க்கவர் கொடுத்த அத்தனை சொந்தக்காரரோடும் நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு நிற்பதால் அதிகாரிக்கு என்ன தெரியப்போகிறது, அன்றைக்குக் கல்யாணம் நடந்தது என்பது தெரியும், அதை அவர் மறுக்கவே இல்லை. அவர் தேடுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்கள். நிச்சயத்துக்கு முன் பேசியது, அவர் திரும்பிப் போன வாரம் பேசியது, போன மாதம் பேசியது. வாட்ஸ்அப்பில் மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம் எடுத்தால் போதும், தேதி தெரியவேண்டும், குட் மார்னிங் ரோஜாப்பூ அல்ல, அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்கியாச்சா, அங்கே எந்த ஏரியாவில் வீடு பார்ப்போம், ஏன் நேற்று போனை வைத்துவிட்டாய் என்று சண்டை போட்ட பக்கங்கள். நான் பார்த்தவரை சண்டை போட்ட பக்கத்துக்கு இருக்கும் வலு கொஞ்சல் பக்கத்துக்கு இல்லை.

இருவரும் தனித்தனியாக ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள், சொந்த நடையில். ஏஜெண்ட் எழுதித் தந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், படிப்பவருக்குத் தெரிந்துவிடும். சம்பந்தம் யார் மூலம் வந்தது, ஜாதகம் யார் பார்த்தார்கள், முதல் தடவை போனில் என்ன பேசினீர்கள், வயது வித்தியாசத்துக்கு வீட்டில் யார் முகம் சுளித்தார்கள், அவருடைய முதல் திருமணம் உங்களுக்கு எப்போது தெரியும். இதையெல்லாம் மறைக்காமல் எழுதினால் பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் என்பதில் எந்தக் குற்றமும் இல்லை, அதை ஹோம் ஆபிஸும் ஏற்கிறது. முதல் திருமணம் முறிந்த நீதிமன்ற ஆணை உங்கள் கல்யாணத் தேதிக்கு முந்தியதாக இருக்கவேண்டும், அதைக் கட்டாயம் வையுங்கள்.

நடுவில் ஒன்று. பிரிட்டனுக்கு வருவதற்காகவே செய்த கல்யாணம் அல்ல என்று தம்பதிதான் நிரூபிக்கவேண்டும் என்ற விதி ஒரு காலத்தில் இருந்தது, அதை 1997இல் எடுத்துவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து, வேலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிடாதே, அங்கே நல்ல வாழ்க்கை என்று சொல்லிவிடாதே என்று பயமுறுத்துவார்கள். லெஸ்டரில் வேலை தேடுவேன் என்று தாராளமாக எழுதுங்கள். மனைவியோடு நிரந்தரமாகச் சேர்ந்து வாழப்போகிறீர்கள், அங்கே போய்ச் சம்பாதிக்காமல் எப்படி?

ஐயா, 2018இல் கனடாவுக்கு விசிட் விசா போட்டு மறுத்தார்கள். இப்போது என் மனைவி லண்டனிலிருந்து கூப்பிடுகிறார். ஏஜெண்ட், அது வேறு நாடு, ரொம்பப் பழசு, எழுதவேண்டாம் என்கிறார்.
— ஒருவர், மட்டக்களப்பு

எழுதுங்கள். விண்ணப்பத்தில் கேட்பது பிரிட்டன் மறுத்ததா என்று மட்டுமல்ல, எந்த நாடாவது மறுத்ததா என்றுதான். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஐந்தும் குடிவரவு விஷயத்தில் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன, கனடாவுக்குப் போட்டபோது கைரேகை கொடுத்திருந்தால் அது ஒளிந்துகொள்ளாது. சுற்றுலா விசா மறுத்ததால் ஸ்பவுஸ் விசா மறுக்கமாட்டார்கள், இரண்டுக்கும் அளவுகோல் வேறு. மறைத்தது தெரிந்தால் அது வேறு கதை. எந்த மாதம் என்று நினைவில்லை என்றால் தோராயமாகப் போட்டுவிட்டு, சரியான தேதி ஞாபகமில்லை என்று கூடுதல் விவரப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். கேட்ட விசா, நாடு, வருடம், அவர்கள் சொன்ன காரணம், அவ்வளவு போதும். கெஞ்சவும் வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம்.

அந்த ஏஜெண்ட் பற்றி: பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்லிக் காசு வாங்க அங்கே பதிவு வேண்டும். சொலிசிட்டராக இருக்கவேண்டும், அல்லது ஐ.ஏ.ஏ. என்ற ஆணையத்தில் பெயர் இருக்கவேண்டும், முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்ததைத்தான் 2025 ஜனவரியில் இப்படி மாற்றினார்கள். பட்டியல் ஆன்லைனில் இருக்கிறது, மனைவியை அங்கே பார்க்கச் சொல்லி, பதிவு உள்ள ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். கடைசியில் உண்மை என்று உறுதி சொல்வது நீங்கள், ஏஜெண்ட் அல்ல.

என் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு பெயர், திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டி ஒரு பெயர். இதனால்தான் மறுத்தார்களோ என்று அம்மா சொல்கிறார்.
— ஒரு வாசகி, மதுரை

அதற்காக மட்டும் மறுத்திருக்கமாட்டார்கள், ஆனால் மற்ற சந்தேகத்தோடு சேர்ந்து உதவி செய்திருக்கும், கெட்ட உதவி. நம் இனிஷியல் முறை அவர்களுக்குப் புரியாது. மா. செல்வி, செல்வி மாணிக்கம், செல்வி குமரன் என்று மூன்று இருந்தால் மூன்று பெண்கள் என்றுதான் நினைப்பார்கள். நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் செய்துகொள்ளுங்கள், இந்த மூன்றும் நானே, இது அப்பா பெயர், இது கணவர் பெயர் என்று. விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் மூன்றையும் போடுங்கள். விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் வரும், எனவே பாஸ்போர்ட்டைத் திருத்த ஆசைப்பட்டால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்துங்கள், நடுவில் வேண்டாம்.

அதோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ்தானா உங்களிடம் இருப்பது? கோவில் ரசீதையும் மண்டபப் பத்திரிகையையும் வைத்துவிட்டு ஏன் மறுத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம், 2009 சட்டம். தமிழில் இருக்கும் எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, தேதியோடு கையெழுத்தும் தன் பெயர் முகவரியும் போட்டிருக்கவேண்டும்.

மறுபடி போடும்போது பழைய தாள்களையே கொடுக்கலாமா? டி.பி. டெஸ்டுக்கு மட்டுமாவது மறுபடி காசு கட்டாமல் இருக்க முடியுமா?
— யாழ்ப்பாணம்

டி.பி., அதாவது காசநோய் இல்லை என்ற சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், பெரும்பாலும் மறுபடி எடுக்கத்தான் வரும். ஆங்கிலத் தேர்வு, அதாவது பேசவும் கேட்கவும் மட்டும் உள்ள ஏ1, இரண்டு வருடம் செல்லும், தேதி பாருங்கள். வங்கி, சம்பளத் தாள்கள் எல்லாம் புதிது, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் முடியும்படி ஆறு மாதம். இதனால்தான் சொல்கிறேன், எல்லாத் தாளையும் சேர்த்த பிறகு ஆன்லைனில் காசு கட்டுங்கள், காசு கட்டிவிட்டுத் தாள் தேடாதீர்கள்.

காசு என்றதும் ஞாபகம். விசாக் கட்டணத்தை 2025 ஏப்ரலில் 1,938 பவுண்ட் ஆக்கினார்கள், ஏப்ரல் தோறும் ஏற்றுவது வழக்கமாகிவிட்டதால் கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அது திரும்பாது. மருத்துவச் சேவைக்கான கட்டணம் வருடத்துக்கு 1,035, மூன்று வருடக் கணக்கில் மொத்தம் 3,105, அது மட்டும் மறுத்தால் திரும்பி வரும். முதல் தடவை மறுத்தபோது அது கட்டிய கார்டுக்கு வந்ததா என்று பார்த்தீர்களா? கார்டு மாறியிருந்தால் சிக்கிக்கொள்ளும், தேடி வாங்குங்கள்.

என் மனைவி கேர் வொர்க்கர் விசாவில் போயிருக்கிறாள். நான் ஸ்பவுஸ் விசாவில் போக முடியுமா?
— கோயம்புத்தூர்

இப்போதைக்கு முடியாது. ஸ்பவுஸ் விசாவுக்குக் கூப்பிட, பொதுவாக அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்போ இருக்கவேண்டும். வேலை விசாவில் இருப்பவரின் துணை போவது டிபெண்டன்ட் விசாவில், அது கேர் வொர்க்கர்களுக்கு 2024 மார்ச் 11 முதல் நின்றுவிட்டது, அதற்கு முன்பே அந்த விசாவில் இருந்தவர்களுக்குத்தான் விலக்கு. நர்ஸாக வேலை செய்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் மனைவி எந்தத் தேதியில், எந்த வேலைப் பெயரில் போனார் என்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு யாரிடமும் பணம் கொடுங்கள்.

ஸ்பவுஸ் விசா மறுத்துவிட்டார்கள், கணவரைப் பார்த்து வருடமாகிறது. மறுபடி தயாராக நாள் ஆகும். அதுவரை விசிட் விசாவில் போய்வரலாமா? போன பிறகு அங்கிருந்தே ஸ்பவுஸுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தோழி சொல்கிறாள்.
— ஒரு சகோதரி, வவுனியா

தோழி சொல்வது நடக்காது. விசிட்டராகப் போனவர் உள்ளே இருந்துகொண்டு ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது, வெளியே வந்துதான் போடவேண்டும். விசிட் விசாவுக்குப் போடத் தடை இல்லை, ஆனால் அதில் அவர்கள் பார்ப்பது நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதை, கொஞ்ச காலத்துக்கு முன்புதான் அங்கே நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நிரந்தர வேலை, லீவுக் கடிதம், ஊரில் உங்களை நம்பி இருப்பவர்கள் என்று வலுவாகக் காட்ட ஏதாவது இருந்தால் ஒழிய இன்னொரு மறுப்பைச் சேர்த்துக்கொள்ளத்தான் போகிறீர்கள். அதையும் அடுத்த விண்ணப்பத்தில் எழுதவேண்டும்.

அந்தக் காசுக்கு அவரை வரச் சொல்லுங்கள். அவர் அகதி அந்தஸ்தில் இருந்து இலங்கைக்கு வர முடியாதவர் என்றால் இந்தியாவிலோ மலேசியாவிலோ சந்தியுங்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வரும்போது போர்டிங் பாஸைக் கசக்கி எறியவேண்டாம், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கத்தை இருவரும் படம் எடுத்து வையுங்கள், தங்கிய விடுதியின் பில் இருவர் பெயரிலும் இருக்கட்டும். அவர் எடுக்கும் லீவு சம்பளத்தோடு உள்ள லீவா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மானிப்பாய்த் தங்கைக்குச் சொன்ன ஆறு மாதக் கணக்கு உங்களுக்கும் உண்டு.